ஓர் எழுத்து உதிர்ந்தால் போதும்

இருபது வருஷமாகக் கல்யாண மேடைகளில் கீபோர்டு வாசிக்கிறேன். சினிமாப் பாட்டு எடுக்கும்போது இன்டர்லூடில் ஒரு ஸ்வரம் பிசகினால் போதும், முன்வரிசையில் யாராவது நிமிர்ந்து பார்த்துவிடுவார்கள். அப்படிப் பழகிய காதோடுதான் வியர்ட் அல் யாங்கோவிக்கைக் கேட்கிறேன். சிரிப்பு வருவதற்கு முன்னால் பிரமிப்பு வந்துவிடுகிறது.

அமெரிக்கப் பாடகர். ஊரே முணுமுணுக்கும் ஹிட் பாட்டின் மெட்டை அப்படியே வைத்துக்கொண்டு, புது வரி எழுதிப் பாடுவார். மெட்டுக்கு வரி எழுதுவது நமக்குப் புதிதில்லை. ஆனால் நம் கவிஞர் கையில் கிடைப்பது தத்தகாரம், அதாவது 'தானே தன்னன்னா' என்ற வெறும் ஒலி, காலி வீடு மாதிரி. இவர் எடுக்கிற மெட்டில் ஏற்கெனவே ஆள் குடியிருக்கிறது. பழைய வரி கேட்பவர் மனதில் ஓடிக்கொண்டே இருக்க, அதன்மேல் இவர் வரி உட்கார வேண்டும்.

1984-இல் வந்த 'ஈட் இட்' பாட்டைப் பாருங்கள். மைக்கேல் ஜாக்சனின் 'பீட் இட்'டில் ஒரே ஒரு 'ப்' உதிர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். தலையெழுத்து மாறினாலும் அடுத்த ஒலி அதே இடத்தில் வந்து விழுகிறது. நம் எதுகைக்குப் பழகிய காது இதை உடனே பிடித்துக்கொள்ளும். சண்டை வேண்டாம், விலகிப் போ என்று சொன்ன பாட்டு, சாப்பிட அடம்பிடிக்கும் பிள்ளையை அதட்டுகிற பாட்டாகிவிட்டது. அசலில் எட்டி வான் ஹேலன் வாசித்த கிட்டார் சோலோவை இதில் ரிக் டெரிஞ்சர் வாசித்தார். அதே வெறி, கடைசியில் ஒரு வெடிச்சத்தம். அந்த இடத்தைக் கொஞ்சம் அசட்டையாக வாசித்திருந்தாலும் பாட்டு படுத்திருக்கும். வரிகள் சிரிக்க வைக்க வேண்டுமென்றால் வாத்தியம் துளியும் சிரிக்கக் கூடாது. இதைத்தான் எங்கள் குழுப் பசங்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். அந்தப் பாட்டுக்குக் கிராமி விருதும் கிடைத்தது.

இவருடைய ஆரம்பம் அக்கார்டியன், துருத்தி போல இழுத்து அமுக்கி வாசிக்கிற வாத்தியம். ஏழாவது பிறந்தநாளுக்கு முந்தின நாள் முதல் பாடம். கல்லூரியில் படித்தது கட்டடக்கலை. 1979-இல், கல்லூரி வானொலி நிலையத்துக்கு எதிரே இருந்த கழிவறையில் ஒரு பாட்டைப் பதிவு செய்தார். ஓடு பதித்த சுவரில் குரல் நன்றாக எதிரொலிக்கும் என்பதுதான் காரணம். எதிரொலி சேர்க்கிற ரிவெர்ப் பட்டன் கையருகே இருக்கும் எனக்கு அந்தக் கழிவறை மேல் தனி மரியாதை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பகடிக்கு அனுமதி கட்டாயமில்லை என்று வாதாட அமெரிக்கச் சட்டத்தில் இடமுண்டு. இருந்தும் அசல் பாடகரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார். பாடகர் பிரின்ஸ் மறுத்துக்கொண்டே இருந்தார், இவரும் தொடவில்லை. நிர்வாணா ராக் குழுவின் பாடகர் கர்ட் கோபேன் கேட்ட கேள்வி, "சாப்பாட்டைப் பற்றியா?" என்பது. இல்லை, நீங்கள் பாடுவது யாருக்கும் புரிவதில்லை என்பதைப் பற்றி என்று இவர் சொல்ல, கோபேன் சம்மதித்தார். 1992-இல் வந்த அந்தப் பாட்டில் சோலோ இடத்தில் கொப்பளிக்கிற சத்தம் வரும். அதுவும் சுருதியில் நிற்கும்!

முதல் ஆல்பம் 1983-இல். அமெரிக்க ஆல்பம் பட்டியலில் முதலிடம் கிடைத்தது 2014-இல். 1963-க்குப் பிறகு ஒரு நகைச்சுவை ஆல்பம் அங்கே ஏறியது அப்போதுதான். முப்பது வருஷத்துக்கு மேல் அதே குழுவோடு ஒரே வேலையைச் செய்தவர் அந்த இடத்துக்கு வந்ததில் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

டிரம்மர் ஜான் ஷ்வார்ட்ஸ் அவரோடு சேர்ந்ததே 1980 செப்டம்பரில் ஒரு வானொலி நேரலையில்தான். டிரம்ஸ் கிடையாது. அக்கார்டியன் பெட்டியைத் தட்டியே பாட்டு முழுக்கத் தாளம் போட்டார். நேற்று ரிகர்சலில் எங்கள் ரிதம் பேடு தம்பிக்கு அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். எதில் தட்டுகிறார் என்று கேட்டான். சொன்னேன். "இன்னொரு தடவை போடுங்கண்ணே" என்று சொல்லிவிட்டு, என் கீபோர்டு பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டான்.