நாலடி அகலத் தேக்குக் கதவுக்குக் கீல் தேர்ந்தெடுத்த அனுபவம்

வீடு கட்டும்போது தலைவாசல் கதவுக்கான மரத்துக்கு எடுத்துக்கொள்கிற அக்கறையில் கால் பங்கைக்கூட யாரும் கீலுக்குக் கொடுப்பதில்லை. ஆசாரி எழுதித் தரும் சாமான் சீட்டில் 'கீல், 5 அங்குலம், 4' என்று ஒரு வரி இருக்கும். ஹார்டுவேர் கடைக்காரர் எடுத்து வைப்பதை வாங்கி வந்துவிடுவோம். படுக்கையறைக் கதவுக்கு அது போதும். எங்கள் தலைவாசலுக்கு அப்படி விட மனம் வரவில்லை.

இடித்த வீட்டுச் சாமான் விற்கும் காரைக்குடிக் கடை ஒன்றில் பர்மா தேக்கு உத்திரங்கள் கிடைத்தன. அதை அறுத்து, 4 அடி அகலம், 8 அடி உயரம், 2 அங்குலக் கனத்தில் ஒற்றைக் கதவாகச் செய்ய வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. சிவகங்கைப் பக்கத்து ஆசாரி ஒருவர் வேலையை ஏற்றுக்கொண்டார். மரத்தைத் தட்டிப் பார்த்துவிட்டு அவர் முதலில் சொன்னதே இதுதான்: "தம்பி, கதவு செய்யிறது என் பாடு. மாட்டுறதுக்கு என்ன வாங்கப் போறீங்கன்னு இப்பவே யோசிங்க."

எடையிலிருந்து தொடங்கினேன். நம் ஊரில் மரம் கன அடிக் கணக்கில் விற்பதால் இது சுலபம். நான்கை எட்டால் பெருக்கி, 2 அங்குலக் கனத்துக்காக ஆறால் வகுத்தால் ஐந்தேகால் கன அடிக்குச் சற்று மேலே வரும். நன்றாகக் காய்ந்த தேக்கு ஒரு கன அடி ஏறக்குறைய 18 கிலோ. ஆக, மரம் மட்டும் 95 கிலோவுக்கு மேல். பூட்டு, கைப்பிடி, பித்தளைக் குமிழ்கள் எல்லாம் சேர்த்து 105 கிலோ என்று வைத்துக்கொண்டேன். இதுவே வேங்கையாக இருந்தால் இன்னும் கூடும்.

எடை தெரிந்ததும் அதைத் தாங்கும் கீலை வாங்கிவிடலாம் என்றுதான் தோன்றும். ஆனால் கீலைக் கெடுப்பது பெரும்பாலும் எடை கீழ்நோக்கி அழுத்துவதல்ல. கதவு தன் பாரத்தால் முன்பக்கம் சாயப் பார்க்கிறது. அதனால் மேல் கீலை நிலையிலிருந்து, அதாவது கதவு மாட்டும் மரச் சட்டத்திலிருந்து, பிடுங்கி இழுக்கிறது, கீழ்க் கீலை நிலைக்குள் தள்ளுகிறது. கணக்கும் எளிதுதான். கதவின் எடையைப் பாதி அகலத்தால் பெருக்கி, மேல் கீலுக்கும் கீழ்க் கீலுக்கும் உள்ள இடைவெளியால் வகுக்க வேண்டும். எங்கள் கதவுக்கு 105 கிலோ, 2 அடி, இடைவெளி ஆறரை அடி. மேல் கீலின் திருகாணிகளை இரவும் பகலும் 32 கிலோ இழுத்துக்கொண்டே இருக்கும். ஒரு குழந்தை கைப்பிடியைப் பிடித்துத் தொங்கினால் இன்னும் பத்து கிலோ கூடும்.

அதே மரத்தை 2 அடி அகலத்தில் இரட்டைக் கதவாகச் செய்தால்? எடை பாதி, அகலமும் பாதி. மேல் கீலின் இழுவை 8 கிலோதான், அதாவது நாலில் ஒரு பங்கு. செட்டிநாட்டு வீடுகளின் கனத்த தலைவாசல்கள் இரட்டைக் கதவுகளாக இருப்பதன் பலன் இந்தக் கணக்கைப் போட்டபோது எனக்குப் புரிந்தது. அம்மாவிடம் ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "ஒத்தைக் கதவுதான்" என்றார்கள். சரி, அப்புறம் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஆசாரிக்குக் குடுமிக் கதவு மேல் ஒரு கண். கதவு மரத்திலேயே மேலும் கீழும் குடுமி (நீட்டி நிற்கும் முளை) விட்டு, கீழ்க் குடுமியைக் கல்லில் வெட்டிய குழியில் உட்கார வைப்பது. பெரிய கோயில்களின் கோபுர வாசல் கதவுகள் இந்த முறையில்தான் நிற்கின்றன. அவற்றை முழுதாகத் திறந்து மூடுவது பெரும்பாடு, ஆள் நுழைய மட்டும் திட்டிவாசல் (பெரிய கதவுக்குள் ஒரு சின்னக் கதவு) இருந்தால் வசதி. குடுமியில் பாரம் முழுவதும் நேராகத் தரைக்குப் போய்விடும். பக்கவாட்டு இழுவை இருக்கத்தான் செய்யும், ஆனால் அதைத் தாங்குவது திருகாணியின் புரி அல்ல, குழிக்குள் நிற்கும் குடுமியின் முழுத் தண்டு. மேலிருந்து கீழ்வரை எட்டடி இடைவெளி கிடைப்பதால் இழுவையும் குறைகிறது. இதே தத்துவத்தில் பேரிங் வைத்த பிவட்டுகள் இப்போது கடையிலேயே கிடைக்கின்றன. அவற்றைக் கதவு ஓரத்திலிருந்து அரையடி உள்ளே தள்ளி வைத்தால் இழுவை இன்னும் குறையும்.

எனக்கும் அதில் ஆசைதான். வேண்டாம் என்று வைத்ததற்குக் காரணம் எங்கள் வாசல். தினமும் காலையில் வாசற்படி கழுவி, மஞ்சள் பூசி, கோலம் போடும் வீடு. தரைப் பிவட்டின் குழி தண்ணீரும் கோலமாவும் போய்ச் சேரும் இடத்திலேயே இருக்கும். பேரிங்குக்குள் மாவும் ஈரமும் இறங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. உள்தள்ளிய பிவட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு, வாசலின் திறப்பில் அரையடி போய்விடும். கட்டில், பீரோ கொண்டுவரும்போது அது தெரியும். மாடிக் கதவாக, படி இல்லாத சமதரையாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பிவட்டையே வாங்கியிருப்பேன்.

ஆக, கீல்தான். மதுரைக் கடைகளில் முதலில் காட்டியது பளபளக்கும் பித்தளைக் கீல்களை. ஒரு சின்னக் காந்தத்தைப் பையில் வைத்திருந்தேன். அதில் சில ஒட்டிக்கொண்டன, அதாவது உள்ளே இரும்பு, மேலே பூச்சு. அசல் பித்தளையிலும் ஒரு சிக்கல் உண்டு: பித்தளை மேல் பித்தளை உரசினால் இவ்வளவு கனத்துக்கு முட்டிகள் (தண்டைச் சுற்றி இருக்கும் உருளைகள்) தேய்ந்து கதவு மெல்ல இறங்கும். துருப்பிடிக்காத எஃகில் காந்தச் சோதனை அவ்வளவாக உதவாது. 304 ரகமும் அதைவிட மலிவான 202 ரகமும் காந்தத்துக்கு ஒன்றுபோலவே நடந்துகொள்ளும். அதனால் ரகம் முத்திரை குத்தியிருக்கிறதா, பில்லில் எழுதித் தருவார்களா என்று கேட்பதுதான் வழி. எங்கள் ஊருக்கு 304 போதும். ராமேஸ்வரம், தூத்துக்குடி மாதிரி உப்புக் காற்று அடிக்கும் இடமென்றால் 316 கேட்க வேண்டும்.

கடைசியில் எடுத்தது முட்டிகளுக்கு நடுவே பேரிங் வைத்த 5 அங்குலக் கீல், தகடு 3 மில்லிமீட்டர். கீலை விரித்துப் பிடித்து இரண்டு தகடுகளையும் எதிரெதிராக ஆட்டிப் பார்த்தேன். ஆட்டம் இருந்ததை ஒதுக்கிவிட்டேன். 'எவ்வளவு தாங்கும்' என்று கேட்டால் கடைக்குக் கடை ஒரு எண் சொல்கிறார்கள். ஈஎன் 1935 என்ற ஐரோப்பியத் தரத்தின் எண் அட்டையில் இருந்தால் நம்பிப் பேசலாம். அதில் 13-ம் தரம் என்றால் 120 கிலோக் கதவை ஒரு ஜோடிக் கீலில் மாட்டி 2 லட்சம் முறை திறந்து மூடிச் சோதித்தது. 14-ம் தரம் 160 கிலோ. அந்த எண்ணைப் பார்த்துத்தான் வாங்கினேன்.

எத்தனை கீல், எங்கே என்பதில் ஆசாரியோடு நல்ல விவாதம் நடந்தது. சம இடைவெளியில் நான்கு என்பது வழக்கம். இழுவை மேலேதானே, அப்படியானால் இரண்டாவது கீல் மேல் கீலுக்கு உதவ வேண்டும், நடுவில் நின்று பயனில்லை என்றேன். நடுவில் ஒன்று இல்லாவிட்டால் எட்டடிப் பலகை வளையும் என்றார் அவர். இரண்டுமே சரி. மேலே ஒரு சாண் இடைவெளியில் இரண்டு, நடுவில் ஒன்று, கீழே ஒன்று என்று முடிவானது.

நான் அதிகம் கவலைப்பட்டது திருகாணிக்குத்தான். கீலோடு பையில் போட்டுத் தரும் குட்டைத் திருகாணிகளை அப்படியே ஒதுக்கிவிட்டு 2 அங்குல நீளத்தில் தனியாக வாங்கினோம். நிலை வேங்கை மரம், புரியை விடாமல் பிடிக்கும். கதவைத் தேக்கில் செய்துவிட்டு நிலையை மட்டமான மரத்தில் செய்கிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும், இழுவை முழுவதும் கடைசியில் நிலையில்தான் இறங்குகிறது. அங்கிருந்து சுவருக்கு. ஆகவே கீல் பக்கத்து நிலைக்காலில், மேல் கீல்கள் வரும் இடத்துக்கு நேர் பின்னால் ஒரு ஹோல்ட் ஃபாஸ்ட் (நிலையைச் சுவரோடு பிணைக்கும் இரும்புப் பட்டை) கூடுதலாக வைத்து கான்கிரீட் போடச் சொன்னேன். நிலை வைக்க நாள் குறிப்பதற்கு முன்பே கீலை முடிவு செய்ததில் கிடைத்த பெரிய லாபம் இது. சுவர் எழும்பிய பிறகு இதைச் செய்வது பாடாவதி வேலை.

மாட்டும் நாளில் ஆசாரி காட்டிய பொறுமையைச் சொல்லியாக வேண்டும். உளியால் குழி எடுக்கும்போது தகட்டின் கனத்துக்கு ஒரு மயிரிழைகூட ஆழம் கூடவில்லை. நான்கு கீல்களின் தண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று தூக்குக் குண்டு விட்டுப் பார்த்தார். ஒன்று விலகி நின்றாலும் மற்றவை அதோடு மல்லுக்கட்டும், எந்த பேரிங்காலும் அதைச் சரிக்கட்ட முடியாது. ஒவ்வொரு திருகாணிக்கும் முன்துளை போட்டு, புரியில் சோப்பு தடவி முறுக்கினார். அதுவரை கதவு ஆப்புகளின் மேல் நின்றது. ஆப்பை உருவியதும் ஒற்றை விரலால் தள்ளினோம், நகர்ந்தது.

ஆடிக் காற்றுக்காகத் தரையில் காந்த ஸ்டாப்பர் வைத்தோம். அதைக் கீலுக்குப் பக்கத்தில், கண்ணில் படாத மூலையில் வைக்கலாம் என்று வீட்டில் சொன்னார்கள். அப்படி வைத்தால் காற்று கதவை அறையும் ஒவ்வொரு முறையும் அந்த ஸ்டாப்பர் கடப்பாரைக்கு வைத்த கல்லாகி, கீலை நெம்பும். கைப்பிடிப் பக்க ஓரத்துக்குக் கிட்டேதான் வைக்க வேண்டும் என்று பிடிவாதமாக வைத்தேன்.

ஐப்பசி மழையில் பூட்டுப் பக்கம் லேசாகப் பிடித்தது. மரம் ஈரத்தில் ஊதியதா, கதவு இறங்கியதா என்று பார்க்க மேல் இடைவெளியை அளந்தோம். மாட்டிய நாளில் இருந்த அதே 3 மில்லிமீட்டர், இரண்டு முனையிலும். ஆசாரி பூட்டு ஓரத்தில் மட்டும் மெல்ல இழைத்துவிட்டு, மேல் இரண்டு கீல்களின் திருகாணிகளை ஒருமுறை இறுக்கிப் பார்த்தார். ஒன்றுகூட நகரவில்லை.