பாத்தியும் பாதி மீசையும்

2025 ஜனவரி 20, திங்கள்

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்தது. ஏழாம் வகுப்பில் பாதிப் பேர் இன்னும் கரும்புத் தோட்டத்திலேயே இருக்கிறார்கள் போலிருந்தது. பையில் கரும்புத் துண்டு, வாயில் சக்கை.

எனக்கு வாரத்தில் மூன்று அரைநாள்தான் வேலை. 2012இல் பகுதிநேர ஓவிய ஆசிரியராகச் சேர்ந்ததிலிருந்து இதே கணக்கு. இந்த அரைநாள்களை வைத்துக்கொண்டுதான் பிப்ரவரி 7 ஆண்டுவிழாவுக்குள் முன்சுவரில் ஒரு சின்னம் வரைந்தாக வேண்டுமாம். "ஒரு புறா, ஒரு புத்தகம், ஒரு குத்துவிளக்கு. நீங்களே போட்டுவிடுங்கள்" என்றார் தலைமையாசிரியர். வேதாரண்யத்திலிருந்து எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அந்தப் புறாவைப் பார்க்காமல் இறங்க முடியாது. பிள்ளைகளே வரையட்டும் அம்மா என்றேன். சரி என்றார், முகம் சரி என்று சொல்லவில்லை.

கரும்பலகையில் எழுதிப் போட்டேன்: 'நம் சமூகத்தின் சின்னம்'. புதன்கிழமை ஆளுக்கொரு படம் கொண்டுவர வேண்டும்.

ஜனவரி 22, புதன்

என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

முப்பத்தொரு படங்களில் ஒன்பது, இரட்டை வண்ணக் கொடிகள். அண்ணன்மார்களின் பைக்கில் ஒட்டியிருக்கும் அதே வண்ணங்கள். ஒருவன் கொடிக்கு நடுவில் சிங்கத்தையும் வாளையும் வைத்து, எழுத்தைக் கூட அளவெடுத்து எழுதியிருந்தான். கோடு நன்றாக வந்திருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல்.

"சமூகம் என்றுதானே டீச்சர் சொன்னீர்கள்?"

அவன்மேல் என்ன தப்பு? வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் "நீங்கள் என்ன சமூகம்?" என்று கேட்பார்கள். கேட்பவருக்கும் தெரியும், பதில் சொல்பவருக்கும் தெரியும், அது எதைக் கேட்கிறது என்று. சாதி என்ற சொல்லைச் சொல்லக் கூச்சப்பட்டு, அந்த இடத்தில் சமூகத்தைக் கொண்டுபோய் உட்கார வைத்தது நாம்தான். பன்னிரண்டு வயதுப் பையன் அதை அப்படியே எடுத்துக்கொண்டான். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல அமைத்த நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் கொடுத்த அறிக்கையில், மாணவர்கள் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கையில் கட்டக் கூடாது என்று ஒரு பரிந்துரை உண்டு. அன்று செய்தித்தாளில் படித்துவிட்டு, இது தெற்கத்திச் சங்கதி என்று பக்கத்தைப் புரட்டினேன். இன்று கயிறு இல்லாமலே என் மேசைக்கு வந்துவிட்டது.

திட்டவில்லை. ஒன்பதையும் வாங்கி அலமாரியில் வைத்தேன். பலகையில் 'சமூகத்தின்' என்பதை அழித்து 'ஊரின்' என்று எழுதினேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

"நாங்கள் ஊரில் இல்லை டீச்சர். காலனியில் இருக்கிறோம்."

அவள் குறையாகச் சொல்லவில்லை. முகவரி சொல்வதுபோலச் சொன்னாள். அதையும் அழித்தேன். மணி அடித்தபோது பலகையில் மிச்சம் இருந்தது: 'நம்', கொஞ்சம் வெள்ளைப் புகை, 'சின்னம்'.

ஜனவரி 24, வெள்ளி

சொல்லை விட்டுவிட்டு ஓட்டைப் பிடித்தோம். பழைய பானை ஓடு ஆளுக்கொன்று, ஒரு ஆணி. பொங்கல் முடிந்த ஊரில் ஓட்டுக்கா பஞ்சம்?

கீழடிப் படங்களைக் காட்டினேன். ஆதன், குவிரன் என்று தமிழி எழுத்தில் பெயர் கீறிய ஓடுகள் ஒரு பக்கம். எழுத்தாக இல்லாத, வெறும் குறியீடுகள் கீறிய ஓடுகள் இன்னொரு பக்கம். ஏணி மாதிரி, மீன் மாதிரி. இது யாருடைய பானை என்று சொல்ல ஒருவர் ஆணியை எடுத்திருக்கலாம் என்றதும் வகுப்பே கீற ஆரம்பித்தது. அந்தக் கிரீச் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

ஆணி நல்ல வாத்தியார். பென்சில் கொடுத்தால் நிழல், பூ, வளைவு என்று போய்க்கொண்டே இருப்பார்கள். ஆணியால் ஐந்தாறு கோட்டுக்குமேல் முடியாது, கை வலிக்கும்.

சின்ன வயதில் எங்கள் வீட்டு வெளுப்புத் துணியில் ஓரமாக மூன்று புள்ளி இருக்கும். சேங்கொட்டை மை. எத்தனை வெளுத்தாலும் போகாது. அது நாங்கள் வைத்துக்கொண்ட குறி இல்லை, வெளுப்பவர் எங்களுக்கு வைத்தது. இதைச் சொன்னபோது ஒருத்தி கேட்டாள்: "அப்போது அவர்கள் வீட்டுத் துணிக்கு என்ன குறி டீச்சர்?" இத்தனை வருடத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி.

ஜனவரி 26, ஞாயிறு

கொடியேற்றம், மிட்டாய். 1950இல் இதே நாளில்தான் சாரநாத் சிங்கங்கள் நாட்டின் சின்னம் ஆயின என்று சொல்லி, அரசியலமைப்புப் பிரதிக்காக அதை வரைந்த தீனாநாத் பார்கவா என்ற மாணவர், சிங்கம் எப்படி நிற்கும் என்று பார்க்கக் கொல்கத்தா மிருகக்காட்சிசாலைக்குப் போய்ப் போய் வந்த கதையையும் சொன்னேன். "எத்தனை சிங்கம்?" "மூன்று!" "நான்கு. ஒன்று பின்னால் இருக்கிறது." ஏமாற்றிவிட்டதாக நினைத்து இரண்டாம் வகுப்புக் குட்டி ஒன்று கொடிக்கம்பத்தைச் சுற்றிப் போய்ப் பார்த்தது.

ஜனவரி 27, திங்கள்

பாடப்புத்தகத்தை மூடச் சொல்லி, அதில் அச்சிட்டிருக்கும் தமிழக அரசு முத்திரையை நினைவிலிருந்து வரையச் சொன்னேன். தினமும் கையில் இருப்பது. கோபுரம் எல்லோருக்கும் வந்தது, மூவருக்குச் சிங்கம் வந்தது, 'வாய்மையே வெல்லும்' ஒருவருக்கும் வரவில்லை. மதுரை ஓவியர் கிருஷ்ணராவ் வரைந்த அந்தக் கோபுரம் ஸ்ரீவில்லிபுத்தூரா, மதுரை மேலக்கோபுரமா என்று பெரியவர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள் என்றேன். பிள்ளைகளுக்கு அதில் பரம சந்தோஷம்.

பிறகு ஒரே ஒரு கேள்வி: விடியற்காலையில் உங்கள் வீட்டிலிருந்து யார், எங்கே, எதை எடுத்துக்கொண்டு போகிறார்கள்?

மழை முடிந்து உப்பளத்தில் வேலை தொடங்கிவிட்ட நேரம். கொடி வரைந்தவனின் அப்பா, காலனிப் பெண்ணின் அம்மா, ஒரே சரக்கு வண்டியில் ஏறுகிறார்கள். சேற்றை மிதித்துப் பாத்தி கட்டுவது, வரப்பு போடுவது, நீண்ட கைப்பிடிப் பலகையால் உப்பு வாருவது, கண் கூசுவது, பாதம் வெடிப்பது. நான் பாடம் நடத்துவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். அரை மணி நேரம் அவர்கள்தான் நடத்தினார்கள். "தண்ணீரின் அடர்த்தி இருபத்தைந்து டிகிரி வந்தால்தான் டீச்சர் உப்பு பூக்கும்" என்றான் ஒருவன், கணக்கில் எப்போதும் ஒற்றை இலக்கம் வாங்குகிறவன்.

கடைசியாக 1930 உப்புச் சத்தியாகிரகம். ஏப்ரல் 13இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து கிளம்பியது, 30ஆம் தேதி அகத்தியம்பள்ளியில் உப்பு அள்ளியது எல்லாம் அவர்களுக்குத் தெரியும், ஸ்தூபி பக்கத்திலேயே இருக்கிறது. தெரியாதது வைரப்பன் கதை. வேதாரண்யத்தில் முகம் மழிக்கும் தொழில் செய்தவர். தன் முன்னால் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும், பாதியில் கத்தியை நிறுத்திவிட்டார். சிறைக்கும் போனார். மீதிப் பாதியை யார் மழித்தார்கள் என்று வகுப்பு கேட்டது. வரலாற்றில் இல்லை என்றேன்.

ஜனவரி 29, புதன்

தை அமாவாசை. கோடியக்கரைக்கும் வேதாரண்யத்துக்கும் கடலாட வந்த கூட்டத்தில் பஸ் நகரவில்லை. வகுப்பில் பதினோரு பேர். மீதிப் பேர் தேங்காயும் எள்ளும் விற்கப் போயிருந்தார்கள்.

ஜனவரி 31, வெள்ளி

படங்கள் வந்தன. பூநாரை ஐந்து, வெளிமான் மூன்று, 2004 சுனாமியில் விழுந்த கோடியக்கரைப் பழைய கலங்கரை விளக்கம் ஒன்று. அதைத் தாத்தா சொல்லக் கேட்டு வரைந்திருந்தான். ஸ்தூபி நான்கு. சுவரில் மாட்டித் தள்ளி நின்று பார்த்தால் நான்கும் மெழுகுவர்த்தி. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, பார்த்துத் தரையில் சாக்பீஸால் வரையச் சொன்னோம். பூநாரையின் கால் எங்கெங்கோ போனது. மான் ஆடானது.

பாதி மீசை மட்டும் எல்லோருக்கும் வந்தது! ஒரு வட்டம், ஒரு தொப்பி, ஒரு பக்கம் மட்டும் மீசை. வரைந்தவன் அன்று இரட்டை வண்ணக் கொடி கொண்டுவந்தவன்.

காலனிப் பெண்ணின் படம் ஆறு கட்டங்கள், அவ்வளவுதான். உப்புப் பாத்தி. ஆனால் ஒவ்வொரு கட்டத்தின் ஓரத்திலும் கோடு கொஞ்சம் விட்டுப் போயிருந்தது. பிசிறு என்று நினைத்து, ஸ்கேல் வைத்து நானே இட்டு நிரப்பிக் கொடுத்தேன். அவள் ஒன்றும் சொல்லாமல் வாங்கிக்கொண்டு போனாள். இடைவேளைக்குப் பிறகு படத்தைப் பார்த்தால் ரப்பரால் தேய்த்துத் தேய்த்து மறுபடி இடைவெளி.

"மடை டீச்சர். அடைத்துவிட்டால் தண்ணீர் அடுத்த பாத்திக்கு எப்படிப் போகும்?"

இத்தனை வருடமாகப் பிள்ளைகளின் கோட்டைச் 'சரி' செய்து கொடுத்திருக்கிறேன். எத்தனை மடையை அடைத்தேனோ.

பிப்ரவரி 3, திங்கள்

வாக்கெடுப்பு. மீசைக்குப் பதினைந்து, பாத்திக்குப் பதினாறு. மீசைக் கட்சி மறுஎண்ணிக்கை கேட்டது. எண்ணினோம். அதே பதினாறு. தலைமையாசிரியர் எட்டிப் பார்த்து, "அந்தப் போலீஸ்காரர் படம் ஜெயிக்கவில்லையே?" என்று கேட்டு, இல்லை என்றதும் மூச்சு விட்டார்.

பிப்ரவரி 5, புதன்

வெள்ளைச் சுவரில் நீலக் கோடு. சுண்டுநூலைப் பிடிக்க இரண்டு பேர், தூரிகைக்கு நான்கு பேர், வேடிக்கைக்குப் பள்ளி முழுவதும். மடை வரும் இடத்தையெல்லாம் அவளே கையால் மறைத்துக்கொண்டு நின்றாள். விரல் எல்லாம் நீலம். கீழே என்ன எழுதுவது என்று கேட்டார்கள். 'நம்' என்று எழுதி நிறுத்திப் பார்த்தோம். பிறகு பள்ளியின் பெயரை மட்டும் எழுதினோம்.

பிப்ரவரி 7, வெள்ளி

விழா நன்றாக நடந்தது. சிறப்பு விருந்தினர் சுவரைப் பார்த்து, "ஜன்னலா?" என்று கேட்டார். முப்பத்தொரு பேரும் ஒரே நேரத்தில் விளக்கியதில் அவருக்கு எதுவும் புரிந்திருக்காது.

சாயங்காலம் நாற்காலிகளை அடுக்கும்போதுதான் பார்த்தோம். கழிப்பறையின் பின்சுவரில், மிச்ச நீலத்தில், என் உயரத்துக்கு ஒரு முகம். தொப்பி, ஒரு பக்க மீசை. கோடு ஒரே வீச்சில் வந்திருக்கிறது, எங்கும் தயங்கவில்லை. யார் கை என்று எனக்குத் தெரியும். தலைமையாசிரியர் உடனே சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார்.

வாளி எடுத்து வைத்தாயிற்று. இருட்டிவிட்டது, திங்கட்கிழமை அடிக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்.