சூக்கிலிருந்து வந்த பிள்ளைகள்

ஹவாயின் ஹோனலுலுவில், கலிஹி பக்கத்துப் பள்ளி ஒன்றில், ஆங்கிலம் புதிதாகக் கற்கும் பிள்ளைகளுக்குத் துணை ஆசிரியையாக இருக்கிறேன். ஆசிரியர் அறையில் அடிக்கடி காதில் விழும் குறை ஒன்று உண்டு: "இந்த மைக்ரோனீசியப் பிள்ளைகள் வாயே திறப்பதில்லை."

மைக்ரோனீசியா என்பது மேற்குப் பசிபிக் தீவுக்கூட்டங்கள் பலவற்றுக்கான பொதுப்பெயர். முதலில், எல்லோரையும் ஒரே கட்டாகக் கட்டுவதை நிறுத்த வேண்டும். சூக், பொன்பேய், யாப், கோஸ்ரே என்ற நான்கு மாநிலங்களும் சேர்ந்தது ஒரு நாடு. மார்ஷல் தீவுகள் தனி நாடு, பலாவ் இன்னொரு நாடு. யாப் மாநிலத்துக்குள்ளேயே வெளித்தீவுக்காரருக்கும் பெருந்தீவுக்காரருக்கும் பேச்சு வேறு. இங்கே ஒரு சூக் வீட்டுக்கு மார்ஷல் மொழியில் அச்சடித்த கடிதம் போனது. அந்த அம்மா அதைக் கசங்காமல் மடித்து மகனிடமே திருப்பிக் கொடுத்தனுப்பினார்.

இவர்கள் அகதிகளும் அல்ல, விசா வாங்கி வந்தவர்களும் அல்ல. இந்த மூன்று நாடுகளும் அமெரிக்காவுடன் செய்துகொண்ட, 1986-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தப்படி (பலாவுக்கு 1994) அமெரிக்காவில் தங்கவும் வேலை செய்யவும் உரிமை உள்ளவர்கள். பதிலுக்கு அந்தப் பெருங்கடல் பரப்பில் அமெரிக்க ராணுவத்துக்குச் சலுகை. மார்ஷல் தீவுகளில் 1946 முதல் 1958 வரை அமெரிக்கா 67 அணுகுண்டுச் சோதனைகள் நடத்தியதும் இந்தக் கணக்கில்தான் வரும். "இவர்கள் ஏன் இங்கே வருகிறார்கள்" என்று கேட்பவர்களுக்கு நான் இதை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

வாய் திறக்காத விஷயத்துக்கு வருகிறேன். "புரிந்ததா?" என்று கேட்டால் புருவத்தைச் சட்டென்று மேலே தூக்குவார்கள். அதுதான் பதில், ஆமாம் என்று. தாளைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்கும் ஆசிரியருக்கு அது தெரியவே தெரியாது. கண்ணைப் பார்க்காமல் நிற்பதும் மரியாதைதான். பெரியவர் முன்னால் தன்னை முந்திக் காட்டக் கூடாது என்று வளர்ந்த பிள்ளை, விடை தெரிந்தாலும் கையைத் தூக்காது.

இதைவிட முக்கியமானது, சூக் குடும்பங்களில் அண்ணன் தங்கை நடுவே உள்ள இடைவெளி. வயதுக்கு வந்த பெண், சகோதரன் உட்கார்ந்திருக்கும்போது அவன் தலைக்கு மேல் நிமிர்ந்து நிற்க மாட்டாள், குனிந்துதான் கடப்பாள். உடல் பற்றிய பேச்சு இருவர் காதிலும் ஒன்றாக விழவே கூடாது. பெரியம்மா, சித்தி பிள்ளைகளும் கூடப்பிறந்தவர்கள் கணக்குத்தான். நமக்கு இது விளங்கும், பள்ளிப் பதிவேட்டுக்கு விளங்காது. ஒரு வகுப்பில் குடும்பப் பெயர் வேறான ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் ஒரே மேசையில் போட்டார்கள். சுகாதாரப் பாடத்தில் பருவ வயது மாற்றங்கள் பற்றிய படம் வந்ததும் அந்தப் பெண் எழுந்து வெளியே போய்விட்டாள். 'ஒழுங்கீனம்' என்று குறிப்பு எழுதப்பட்டது. அவளுடைய அத்தையை வரவழைத்துக் கேட்ட பிறகே அந்தப் பையன் அவளுக்குத் தம்பி முறை என்று தெரிந்தது. இப்போது அந்தப் பாடத்துக்கு ஆண்களும் பெண்களும் தனித்தனி அறை. விளையாட்டு வகுப்பில் முழங்கால் மறைக்கும் பாவாடைக்கும் தடை இல்லை. செலவு ஒன்றும் ஆகவில்லை.

பெற்றோர் கூட்டத்துக்கு யாரும் வருவதில்லை என்பதும் பாதி உண்மைதான். மாமாவோ பாட்டியோ வந்தால் "பெற்றோர் எங்கே" என்று கேட்டுத் திருப்பி அனுப்பாமல் இருந்தாலே நாற்காலிகள் நிரம்பும். செய்தி போய்ச் சேர வேண்டுமானால் மின்னஞ்சலை விட ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துப் போதகர் மேல். சாவு வீடு என்றால் பிள்ளைகள் நாட்கணக்கில் வர மாட்டார்கள். அதைத் தடுக்கப் பார்ப்பதில் பலனில்லை, பாடத்தாள்களைக் கொடுத்தனுப்புவதே வழி.

மற்றப் பிள்ளைகள் "மைக்ரோ" என்று கேலி செய்வதுதான் எனக்குப் பொறுக்காதது. அதே பிள்ளைகள் ஹோக்குலேயா என்ற ஹவாயின் மரபுவழிப் பாய்மரப் படகைப் பற்றிப் பெருமையாகப் படிக்கிறார்கள். 1976-இல் கருவி எதுவும் இல்லாமல் அதை ஹவாயிலிருந்து தாஹிட்டிக்கு வழிநடத்திய மாவ் பியாய்லுக், யாப் மாநிலத்தின் சத்தவால் தீவுக்காரர். அந்தப் பாடம் வரும் வாரத்தில் நான் சத்தவாலை வரைபடத்தில் காட்டச் சொல்லித் தேர்வு வைப்பேன், மதிப்பெண்ணோடு.