ஆண்டிபட்டி கணவாயில் திணறிய 1613: பம்ப் டைமிங் வைத்த கதை

எங்கள் வண்டி டாடா 1613. பேரிலேயே விவரம் இருக்கிறது: 16 டன், 130 குதிரைத்திறன். மதுரையில் சிமெண்ட் ஏற்றித் தேனிப் பக்கம் போவதுதான் வழக்கமான ஓட்டம். உசிலம்பட்டி தாண்டி ஆண்டிபட்டி கணவாயை மூன்றாவது கியரில் ஏறிக்கொண்டிருந்த வண்டி, மழைக்காலத்தில் டீசல் பம்பை (நாசில்களுக்கு டீசலை அளந்து தள்ளும் பம்ப்) சர்வீசுக்கு இறக்கி ஏற்றியதிலிருந்து இரண்டாவதுக்கு இறங்கிவிட்டது. காலையில் ஸ்டார்ட் பண்ணினால் கண் எரிகிற மாதிரி வெள்ளைப் புகை. சூடேறினால் புகை குறையும். இழுவை மட்டும் வராது.

"பம்புல டீசலைக் கூட்டி விடுங்கண்ணே, பறக்கும்" என்று சொல்லாத டிரைவர் இல்லை. ஈய சீலை உடைத்து ஸ்குரூவைத் திருகுகிற வேலை அது. எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. நேரத்துக்கு எரியாத டீசலை இன்னும் கொஞ்சம் ஊற்றினால் கரும்புகைதான் மிச்சம். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்றுக்கு) வண்டியைக் கொண்டுபோனால் புகை டெஸ்டில் வேறு மாட்டும்.

மேலூர் ரோட்டில் ஒரு பட்டறையில் விட்டேன். மெக்கானிக் அண்ணன் முதலில் பம்ப் பக்கமே போகவில்லை. ஏர் ஃபில்டர், வால்வுகளின் டாப்பெட் இடைவெளி பார்த்தார். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் நாசில்களைக் கழற்றி டெஸ்டரில் அடித்ததில் இரண்டு, பனியாகத் தூவாமல் சொட்டின. மாற்றினோம். "இதெல்லாம் சரியில்லாம டைமிங் வச்சு என்னத்துக்கு ஆகும் தம்பி?"

டீசல் வண்டியில் பெட்ரோல் வண்டி மாதிரி பொறி போடும் பிளக்கும் கிடையாது, பொறியின் நேரத்தைத் திருகி வைக்க டிஸ்ட்ரிபியூட்டரும் கிடையாது. அழுத்தத்தில் காற்று 500 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது; அதில் டீசல் பாய்ந்ததும் பற்றுகிறது. பற்றவும் ஒரு கணம் பிடிக்கும் என்பதால் பிஸ்டன் உச்சிக்கு வருமுன்பே தெளித்தாக வேண்டும். எத்தனை டிகிரி முன்னால் என்பதுதான் டைமிங்.

முதல் சிலிண்டரை கம்ப்ரஷனுக்குக் கொண்டுவந்தார். ஆறாவது சிலிண்டரில் வால்வை அழுத்தும் ராக்கர் இரண்டும் ஆடுகிற இடம்தான் அதற்கு அடையாளம். பம்பில் முதல் லைனைக் கழற்றி, டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துவிட்டு, ஹோல்டரில் வளைந்த குழாய் ஒன்றைப் பூட்டினார். என்னைக் கையால் பிரைமிங் (டீசலை பம்புக்குத் தள்ளும் கைப் பம்ப்) அடிக்கச் சொன்னார். குழாயில் டீசல் தாரையாக ஊற்றியது. பட்டறைப் பையன் கிராங்கை (இஞ்சினின் முதன்மைத் தண்டை) கொஞ்சம் பின்னுக்குக் கொண்டுபோய், ஓடுகிற திசையிலேயே மெதுவாகத் தள்ளினான். கியர் பல்லில் இருக்கும் ஆட்டம் போவதற்கு அப்படித்தான் செய்ய வேண்டுமாம். தாரை மெலிந்து சொட்டாகி, சொட்டும் நின்றது. நின்ற இடம்தான் தெளிப்பு தொடங்கும் இடம். குனிந்து பார்த்தால், டைமிங்குக்குக் கம்பெனி போட்ட கோடு எப்போதோ தாண்டிப் போயிருந்தது. பம்பை ஏற்றியவர்கள் அளக்காமல் கண்மதிப்பாகப் பூட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.

பம்பை இஞ்சினோடு பிடித்திருக்கும் ஃபிளாஞ்ச் நட்டுகளைத் தளர்த்தி, பம்ப் தண்டு சுற்றும் திசைக்கு எதிராக பம்பையே மயிரிழை சாய்த்தார். இஞ்சின் வேகத்தில் பாதிதான் பம்ப் சுற்றும். அங்கே 1 டிகிரி நகர்த்தினால் கிராங்கில் 2 டிகிரி. திரும்பவும் பிரைமிங், திரும்பவும் சொட்டு. கோட்டில் சொட்டு நிற்கிற வரை விடவில்லை. என் கைதான் விட்டுப்போனது.

"இன்னும் ரெண்டு டிகிரி ஏத்தி வைங்களேன், மேட்டுக்கு ஆகும்" என்று கேட்டுப் பார்த்தேன். மனுஷன் மசியவில்லை. கம்பெனி சொன்னதைத் தாண்டி முன்னால் வைத்தால் இஞ்சின் கடகடவென்று அடிக்கும். பிஸ்டன் மேலே வரும்போதே வெடிப்பு எதிர்த்து உதைக்கும். முதலில் ஹெட் கேஸ்கட், பிறகு ரிங். ஆயுளை அடகு வைத்து வாங்கும் இழுவை என்றார். எனக்கும் சரியென்றே பட்டது.

டெலிவரி வால்வைப் பூட்டி, புது வாஷர் போட்டு, டீசல் லைனில் புகுந்த ஏரை எடுத்து ஸ்டார்ட் செய்தோம். வெள்ளைப் புகை வந்த சுருக்கிலேயே நின்றது. அடுத்த லோடுக்கு கணவாயில் மூன்றாவதிலேயே ஏறியது; டெம்பரேச்சர் முள்ளும் முன்போல் மேலே போகவில்லை.

இதெல்லாம் மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்குத்தான். 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 (புதிய புகைக் கட்டுப்பாட்டு விதி) லாரியில் டைமிங்கை முடிவு செய்வது கம்ப்யூட்டர். அதில் இழுவை குறைந்தால் ஸ்பேனரை எடுக்காமல் முதலில் ஸ்கேனர் போட்டுப் பாருங்கள்.