சம்பளச் சீட்டில் வராத சம்பளம்

வங்கி வைப்புநிதி 7 லட்சம், மியூச்சுவல் ஃபண்ட் 4 லட்சத்து 80 ஆயிரம், பி.எஃப். 15 லட்சம், பி.பி.எஃப். என்ற அரசின் நீண்டகாலச் சேமிப்பில் 3 லட்சத்து 40 ஆயிரம். கூட்டினால் 30 லட்சத்தைத் தாண்டுகிறது. வீட்டுக் கடன் ஈ.எம்.ஐ. உட்பட எனக்கும் அம்மாவுக்கும் மாதம் 46 ஆயிரம் செலவாகிறது. வகுத்துப் பார்த்தால் ஐந்து வருடத்துக்கு மேல் வேலைக்கே போக வேண்டாம் என்று வரும். இந்தக் கணக்கை நம்பி வேலையை விடலாமா என்பதுதான் சில மாதங்களாக என் மனதில் ஓடும் கேள்வி.

எனக்கு 41 வயது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் பர்சேஸ் பிரிவு. இதே இடத்தில் 11 வருடம். பர்சேஸ் வேலையில் இருப்பவர்களுக்குத் தெரியும், இரவு பதினோரு மணிக்கும் போன் வரும்: "மேடம், பார்ட் வரல, லைன் நிக்கப் போகுது." அம்மாவுக்கு 69. சர்க்கரை, பிரஷர், மூட்டு வலி. செய்யாறு பக்கம் எங்கள் ஊரில் சில மாதம் இருக்க வேண்டும் என்பது அவருடைய வெகு நாள் ஆசை. அவர் நடக்க முடிகிற காலத்திலேயே கூட்டிப் போக வேண்டும் என்பது என் ஆசை. பத்து நாள் லீவில் முடிகிற காரியம் இல்லை.

முதலில் 30 லட்சத்தைப் பிரித்தேன். பி.எஃப். பணத்தைத் தொடப் போவதில்லை. 2024-25-க்கு அதற்குக் கிடைத்த வட்டி 8.25 சதவீதம். வேலையை விட்ட பிறகும் வட்டி ஏறும். ஆனால் அந்தக் காலத்து வட்டிக்கு வரி உண்டு. பி.பி.எஃப். 15 வருடக் கணக்கு, முதிர்வு இன்னும் தூரம். வருடத்துக்கு 500 ரூபாய் கட்டினால் கணக்கு உயிரோடு இருக்கும், அது போதும். மியூச்சுவல் ஃபண்டை இன்றைய மதிப்பில் எழுத எனக்கு மனம் வரவில்லை. 2020 பிப்ரவரி, மார்ச்சில் சில வாரங்களிலேயே பங்குச் சந்தை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்ததைப் பார்த்தவள் நான். அதனால் 3 லட்சம் என்று மட்டும் வைத்தேன்.

வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை, அதாவது கிராஜுவிட்டி வரும். கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, அதை வேலை பார்த்த வருடங்களால் பெருக்க வேண்டும். என் அடிப்படை 42 ஆயிரம். 11 வருடத்துக்கு 2 லட்சத்து 66 ஆயிரம் சொச்சம். ஆக, வைப்புநிதி, ஃபண்ட், கிராஜுவிட்டி மூன்றும் சேர்த்துக் கையில் எடுக்கக்கூடியது 12 லட்சத்து 66 ஆயிரம். 30 லட்சம் எங்கே, இது எங்கே!

அதிலும் 3 லட்சம் அம்மாவின் வைத்தியத்துக்கு. வேறு எதற்கும் அதை எடுக்கக் கூடாது என்று எனக்கு நானே விதி போட்டுக்கொண்டேன். மிச்சம் 9 லட்சத்து 66 ஆயிரம்.

இப்போது செலவுப் பக்கம். வேலையை விடலாமா என்று யோசிக்கிற எல்லோரையும் நான் உட்கார வைத்துச் சொல்ல நினைப்பது இந்தப் பகுதியைத்தான். வங்கி ஸ்டேட்மென்ட்டைப் பார்த்து மாதச் செலவு இவ்வளவு என்கிறோம். அந்தச் செலவு நாம் வேலையில் இருக்கும்போது ஆகிற செலவு. கம்பெனி நமக்காகச் செய்கிற செலவு எதுவும் அந்த ஸ்டேட்மென்ட்டில் வராது.

மதியச் சாப்பாடு கேன்டீனில், பெயருக்கு ஒரு தொகை பிடிப்பார்கள். பகல் முழுக்க ஃபேனும் ஏ.சி.யும் ஓடுவது கம்பெனி கரண்டில். நான் வீட்டில் இருந்தால் மீட்டர் ஓடும். நம் மின்கட்டணத்தில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், அதற்குள் இருப்பவர்களுக்கு உள்ள குறைந்த விலைப் படி போய்விடும். கூடுதல் சில யூனிட்டுக்கு மட்டும் விலை ஏறுவதில்லை, பில்லே மாறிவிடும். சாப்பாட்டுக்கும் கரண்டுக்கும் மாதம் 2,000 சேர்த்தேன்.

இதையெல்லாம் விடப் பெரியது மருத்துவக் காப்பீடு. கம்பெனியின் குழுக் காப்பீட்டில் அம்மாவும் இருக்கிறார். சேர்ந்த நாளிலிருந்தே சர்க்கரைக்கும் பிரஷருக்கும் காத்திருப்புக் காலம் இல்லை. நான் வேலையை விடுகிற அன்றே இது முடிந்துவிடும். தனியாகப் புதுப் பாலிசி எடுத்தால், ஏற்கனவே உள்ள நோய்களின் செலவைத் தர மூன்று வருடம் வரை காத்திருக்கச் சொல்லலாம். முன்பு நான்கு வருடமாக இருந்த வரம்பை 2024-இல்தான் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் மூன்றாகக் குறைத்தது. மூன்று வருடமும் 69 வயதுச் சர்க்கரை நோயாளிக்கு நீண்ட காலம்தான்.

குழுக் காப்பீட்டிலிருந்து அதே நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாற வழி இருக்கிறது. மாறினால் குழுவில் இருந்த வருடங்களைக் காத்திருப்புக் காலத்தில் கழித்துக்கொள்வார்கள். ஆனால் வேலையில் இருக்கும்போதே எழுதிக் கேட்டுவிடுவது நல்லது. எச்.ஆரில் கேட்டதும் மின்னஞ்சல் முகவரி கொடுத்தார்கள். எனக்கும் அம்மாவுக்கும் சேர்த்து வருடம் 54 ஆயிரம் ஆகும் என்று உத்தேசமாகச் சொல்லியிருக்கிறார்கள். மாதம் 4,500.

அப்புறம் மாதக் கணக்கில் சிக்காத செலவுகள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை சொத்து வரி, வண்டி இன்சூரன்ஸ், தீபாவளி, பொங்கல், மொய். ஆவணியும் தையும் வந்தால் மொய் எப்படிப் போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. வருடத்துக்கு 72 ஆயிரம், மாதத்துக்கு 6,000. எல்லாம் சேர்த்தால் என் உண்மையான செலவு 58,500.

ஒரு வருடம் வேலை இல்லாமல் இருக்க 7 லட்சத்து 2 ஆயிரம் போதும், அது கையில் இருக்கிறது. ஆனால் வருடம் முடிந்த மறுநாள் வேலை கிடைத்துவிடாது. பர்சேஸில் என் அனுபவத்துக்கு உள்ள இடங்கள் குறைவு. பேச்சு முடிந்து ஆஃபர் வந்து முதல் சம்பளம் கைக்கு வர ஆறு மாதம் என்று வைத்தேன். அந்த ஆறு மாதத்துக்குப் பணம் இல்லாவிட்டால், எந்தச் சம்பளம் சொன்னாலும் தலையாட்ட வேண்டியிருக்கும். 12-உம் 6-உம் 18 மாதம். 10 லட்சத்து 53 ஆயிரம். 87 ஆயிரம் குறைகிறது.

தம்பி சொல்கிறான்: "அக்கா, ஊர்ல இருந்தா செலவே ஆகாது. ஏன் இவ்வளவு கணக்கு?" குறையலாம். குறைந்தால் சந்தோஷம், கணக்கில் சேர்க்க மாட்டேன். கூட வேலை பார்க்கும் ஒருவர், ஆண்டுச் செலவைப் போல 25 மடங்கு இல்லாமல் வேலையை விடவே கூடாது என்றார். அது 1994-இல் வில்லியம் பெங்கன் என்ற நிதி ஆலோசகர் அமெரிக்கச் சந்தையை வைத்து 30 வருட ஓய்வுக்காலத்துக்குச் செய்த ஆய்விலிருந்து வந்த கணக்கு. திரும்பி வேலைக்கு வரப் போகிறவளுக்கு அது பொருந்தாது. கடனை அடைத்துவிட்டுப் போ என்றும் ஒரு யோசனை வந்தது. கையிருப்பை அதில் போட்டுவிட்டால், நாளைக்குத் தேவை வரும்போது சம்பளச் சீட்டு இல்லாத எனக்கு எந்த வங்கி கடன் தரும்? ஈ.எம்.ஐ. ஓடட்டும்.

அதனால் 12 மாதத்தை 9 ஆக்கிவிட்டேன். வேலை தேட 6 மாதம், அதில் கை வைக்கவில்லை. 15 மாதத்துக்கு 8 லட்சத்து 77 ஆயிரத்து 500. கொஞ்சம் மிச்சமும் நிற்கிறது. நோட்டீஸ் 90 நாள். டிசம்பர் கடைசியில் கடிதம் கொடுத்தால் மார்ச் முடிவில் வெளியே வரலாம். ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டில் எனக்குச் சம்பள வருமானம் பெரும்பாலும் இருக்காது, ஃபண்டை விற்பதாக இருந்தால் வரியும் அந்த வருடம்தான் குறைவு.

அம்மா கேட்டது ஒன்றுதான்: "சம்பளம் இல்லாம எப்படிம்மா ஓடும்?" நோட்டை விரித்து ஒவ்வொரு வரியாகக் காட்டினேன். மொய்க்கு எழுதியிருந்த தொகை போதாது என்றார். மிச்சத்திலிருந்து எடுத்து 5,000 ஏற்றி எழுதினேன்.

காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதியாகிவிட்டது. அம்மாவின் சர்க்கரை அளவு, மருந்துச் சீட்டு எல்லாம் அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள், அனுப்பிவிட்டேன். அம்மாவைச் சேர்த்துக்கொள்கிறோம் என்று அவர்கள் எழுத்தில் தரும் வரை நான் ராஜினாமா கடிதம் கொடுக்க மாட்டேன். டிசம்பருக்குள் வராவிட்டால் மார்ச் தள்ளிப் போகும், தள்ளிப் போகட்டும்.