இன்னும் இரண்டு

டிசம்பர் 9, 2021, வியாழன்

நேற்று நள்ளிரவு தாண்டியும் தூங்கவில்லை. போர்ட்லாண்டுக்கு எதிரான கூடைப்பந்து ஆட்டத்தில் வாரியர்ஸ் அணியின் ஸ்டெஃபன் கர்ரி, தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறியும் மூன்று புள்ளி பந்துகளில் ஆறு போட்டார். அதில் முன்னாள் வீரர் ரே ஆலனின் சாதனையான 2,973-ஐத் தாண்ட இன்னும் பத்து வேண்டும். எங்களிடம் 14ஆம் தேதி ஆட்டத்துக்கு மேடிசன் ஸ்கொயர் கார்டன் அரங்க டிக்கெட் இருக்கிறது. அக்டோபரில் வாங்கும்போது சாதனை பற்றிய நினைப்பே இல்லை. வாரியர்ஸ் அணி உள்ளூர் அணியான நிக்ஸோடு ஆட நியூயார்க்குக்கு வருடத்தில் ஒரு தடவைதான் வரும், மகள் கேட்டாள், வாங்கினோம். இப்போது நாள் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 11, சனி இரவு

பிலடெல்பியாவில் எதிரணித் தடுப்பாட்டக்காரர் தைபுல் கர்ரியை மூச்சுவிட விடவில்லை. 14 முயற்சி, 3 தான் விழுந்தது. ஒவ்வொன்றும் வளையத்தில் பட்டு வெளியே வரும்போது என் மனசுக்குள் ஒரு நிம்மதி. மகள் கவனித்துவிட்டாள். "அப்பா, அவர் மிஸ் பண்ணா உங்களுக்கு எதுக்கு சந்தோஷம்?" என்று கேட்டாள். பதில் சொல்ல முடியவில்லை. பன்னிரண்டு வருஷமாக இந்த மனிதருக்காகக் கண்விழித்திருக்கிறேன், கணுக்கால் காயத்தோடு தவித்த காலத்திலும்கூட. அவர் தவறவிட வேண்டும் என்று இதுவரை நினைத்ததே இல்லை. வாரியர்ஸ் தோற்றுவிட்டார்கள், அது இன்னும் உறுத்தியது.

டிசம்பர் 13, திங்கள்

இண்டியானாவில் ஐந்து. அணியும் 102-100 என்று வென்றுவிட்டது. 2,972! சமன் செய்ய ஒன்று, தாண்ட இரண்டு. இனி அவர் எதைத் தவறவிடவும் நான் வேண்டிக்கொள்ளத் தேவையில்லை.

டிசம்பர் 15, புதன், அதிகாலை 1:40

மகள் தூங்கிவிட்டாள். எனக்குத் தூக்கம் வரவில்லை, மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்.

ஜெர்சி சிட்டியிலிருந்து பாத் ரயிலில் 33ஆம் தெருவுக்குப் போய், வாசலில் கொரோனா தடுப்பூசி அட்டையைக் காட்டிவிட்டு, சீக்கிரமே உள்ளே போனோம். கர்ரி பயிற்சி செய்வதைப் பார்க்க எங்களுக்கு முன்பே ஒரு கூட்டம். எங்கள் இருக்கை ரொம்ப உயரத்தில், அங்கிருந்து பார்த்தால் முதுகிலிருக்கும் 30 என்ற எண் மட்டும்தான் தெளிவாகத் தெரியும். ஆட்டம் தொடங்கிச் சீக்கிரமே முதல் பந்து விழுந்து, கணக்கு சமமானது. அதற்குப்பிறகு அவர் கைக்குப் பந்து வரும்போதெல்லாம் மொத்த அரங்கமும் எழுந்து நின்றது, அதுவும் எதிரணியின் ஊரில்! முதல் கால்பகுதியில் 7 நிமிடம் 33 விநாடி மிச்சமிருந்தபோது சக வீரர் விகின்ஸ் பந்தைக் கொடுத்தார், கர்ரி எறிந்தார். பந்து மேலே இருந்த அந்த ஒரு கணம் சத்தமே இல்லை. என் பக்கத்தில் மகள் இரண்டு கையையும் வாயில் பொத்திக்கொண்டு நின்றாள். வலை அசைந்தது. அவர் மார்பில் தட்டிக்கொண்டே ஓடினார்.

ஆட்டத்தை நிறுத்தினார்கள். பயிற்சியாளர் ஸ்டீவ் கெர், சக வீரர் டிரேமண்ட் என்று ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தார், அப்புறம் அப்பா டெல் கர்ரி. அவரும் 30ஆம் எண் சட்டை போட்டு ஆடியவர்தான். அந்தப் பந்தை அப்பா கையில் கொடுத்தார். ரே ஆலன் வந்து அணைத்துக்கொண்டார். அவர் 1,300 ஆட்டங்களில் சேர்த்ததை இவர் 789-இல் தாண்டியிருக்கிறார். நான் அழுதுகொண்டிருந்தது மகள் கையைப் பிடித்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

2013இல் இதே கார்டனில் 54 புள்ளிகள் எடுத்தும் அவர் அணி தோற்றது. இந்தத் தடவை 105-96 என்று வென்றார்கள்.

டிசம்பர் 15, மாலை

பள்ளி விட்டு வந்ததும் மகள் டேப் எடுத்துக்கொண்டு பூங்காவுக்குக் கூப்பிட்டாள். வளையத்துக்கு நேர் கீழேயிருந்து 23 அடி 9 அங்குலம் அளந்து சாக்பீஸால் மூன்று புள்ளிக் கோடு போட்டோம். அவள் எறிந்த முதல் பந்து பாதி தூரம்தான் போனது. "இவ்ளோ தூரமா அப்பா?" என்றாள். இருட்டும்வரை அந்தக் கோட்டைவிட்டு நகரவில்லை.