நுரை நிற்கும்வரை அலசினேன்

பன்றியின் இதயத் தசையிலிருந்து செல்களை நீக்கி, மிஞ்சும் புரதச் சட்டகத்தை ஜெல்லாக்குவதுதான் என் ஆய்வு வேலை. ஒரு பெரிய மாரடைப்பில் நூறு கோடி தசைச் செல்கள்வரை இறந்துபோகலாம். 25 வயதிலேயே இதயம் ஆண்டுக்குச் சுமார் 1 சதவீதச் செல்களைத்தான் புதுப்பிக்கிறது. அதனால் அடிபட்ட இடத்தில் தழும்புதான் மிஞ்சும்; தழும்பு துடிக்காது. அங்கே இதயத்தின் சொந்தச் சட்டகத்தையே செலுத்தினால் திசு தேறப் பிடிமானம் கிடைக்கும் என்று நம்பித்தான் இதில் இறங்கினேன். இந்த வகை ஜெல்லைக் கதீட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாக நோயாளிகளின் இதயத்தில் செலுத்திய முதற்கட்டச் சோதனையின் முடிவு 2019இல் வெளிவந்தது.

செய்முறையைப் படித்தால் எளிதாகத்தான் தெரியும். தசையைச் சின்னத் துண்டுகளாக வெட்டி எஸ்டிஎஸ் என்ற டிடர்ஜென்ட் கரைசலில் நாலைந்து நாள் சுழல விட வேண்டும். சிவப்பு வெளுத்து, துண்டுகள் ஈரப் பஞ்சு மாதிரி ஆகிவிடும். அப்புறம் நீரில் அலசி, உறைய வைத்து உலர்த்தி, பொடித்து, அமிலத்தில் பெப்சின் என்ற செரிமான நொதியைச் சேர்த்துக் கரைக்க வேண்டும். பனிக்கட்டிமேல் வைத்து அமிலத்தன்மையைச் சரிக்கட்டி, 37 டிகிரியில் வைத்தால் தானாக உறையும்.

எனக்கும் உறைந்தது. ஆனால் சோதிக்க அதன்மேல் விட்ட செல்கள் ஒட்டாமல் மறுநாளே உருண்டு மிதந்தன. இன்குபேட்டரைச் சந்தேகித்தேன், ஊட்டக் கரைசலை மாற்றினேன். மூன்று முறை அதே கதை. கடைசியில், அலசிய நீரை ஒரு குழாயில் பிடித்துக் குலுக்கிப் பார்த்தேன். விரற்கடை உயரத்துக்கு நுரை! எஸ்டிஎஸ் உள்ளேயே தங்கியிருந்தது. செல்லின் சவ்வைக் கரைப்பதுதானே அதன் வேலை.

சரி என்று அலசும் நாட்களைக் கூட்டி, தினமும் இருமுறை நீர் மாற்றினேன். நுரை நின்ற பிறகும் சாயம் சேர்த்து மிச்சத்தை அளந்தேன். இதில் ஒரு சிக்கல் உண்டு. செல் எச்சம் போகட்டும் என்று டிடர்ஜென்டிலேயே கூடுதல் நாள் விட்டால், நீரைப் பிடித்துவைக்கும் சர்க்கரைச் சங்கிலிகளும் கழன்றுவிடும்; ஜெல் தளர்ந்து ஓடும். குறைத்தால் டிஎன்ஏ மிஞ்சும். உலர் எடையில் மில்லிகிராமுக்கு 50 நானோகிராமுக்குக் கீழே வர வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். இந்த இரண்டுக்கும் நடுவே சரியான நாளைப் பிடிக்கத்தான் எனக்கு மாதங்கள் ஆயின.

அதற்கடுத்த தொகுதியில், ஸ்டெம் செல்லிலிருந்து வளர்த்த இதயச் செல்களை விட்டேன். நான்காம் நாள் மைக்ரோஸ்கோப்பில் பார்த்தபோது ஓர் ஓரத்தில் சின்னக் கூட்டம் ஒன்று துடித்துக்கொண்டிருந்தது. பக்கத்துக் கூட்டம் வேறு வேகத்தில். இரண்டும் சேர்ந்து துடிக்க வைப்பதுதான் இப்போது என் வேலை.